வாசலுக்கு அடங்காத ஒற்றை ஸ்பீக்கர்

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய ஒற்றைப் பெட்டி அத்தானுக்கு,

முதலில் ஒரு செய்தி. நான் ஜெயித்துவிட்டேன். உங்கள் ஸ்பீக்கர் வாசல் வழியாக வெளியே போகவில்லை.

ஒரு குளிர்காலம் முழுவதும் நீங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸ் ஹாலில் உட்கார்ந்து பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தபோதே கேட்டேன், "அத்தான், இது வாசலவிட அகலமா இருக்கே, எப்படி வெளிய போவும்?" என்று. நீங்கள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ரிட்டையர் ஆவும்போது பாத்துக்கிடலாம் மாப்ளே" என்றீர்கள். ஒலிக்காக அங்குலம் அங்குலமாக அளந்த மனிதர் கதவை அளக்கவில்லை. ரிட்டையர் ஆவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது.

குவார்ட்டர்ஸை மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. குடும்பத்துக்கென்று சர்க்கார் கொடுத்த அவகாசமும் முடிந்துகொண்டிருந்தது. அக்கா துவாரகாவில் நிவேதாவின் ஃப்ளாட்டுக்குப் போவது என்று முடிவு. உங்கள் மகள் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டாள். உங்களைப் போல அல்ல, எதையும் அளந்துதான் வாங்குகிறாள். சோபா போயிற்று, பீரோ போயிற்று, தையல் மிஷின் போயிற்று. மணல் நிரப்பிய சுவர்களோடு நின்ற உங்கள் பெட்டியை மட்டும் பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சாப், இதை உடைத்துத்தான் எடுக்கணும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை அத்தான். கவலை அக்காவைப் பற்றித்தான். நீங்கள் போன நாளிலிருந்து அவள் பாட்டே கேட்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையாமல் கேட்பாளே, அவள்தான். பிறகு டி.வி.யைக்கூட ஓடவிட்டு எழுந்து போய்விடுவாள். அவளுக்குப் பாட்டு திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதுதான் இந்த மூன்று வாரமாக எனக்கும் நிவேதாவுக்கும் இருந்த பிரச்சினை. அது எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் நம் சண்டை என்னவென்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த கதைதானே என்று கொட்டாவி விடாதீர்கள்.

என் அக்கா செண்பகத்தின் கணவர் நீங்கள். நான் வேலை தேடி டில்லிக்கு வந்து முனிர்காவில் ஒரு ஜன்னல் இல்லாத அறையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வருவேன். அக்கா கையால் சாப்பிட வருகிறேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். உண்மையில் உங்களோடு சண்டை போடத்தான் வந்தேன்.

ஸ்பீக்கர்களில் கூப்பிட்டவுடன் திரும்புகிற ரகம் உண்டு, தோளைப் பிடித்து உலுக்கினால்தான் எழுந்திருக்கிற ரகமும் உண்டு. உங்களுடையது முதல் ரகம். பெரிய காகிதக் கூம்பு, ஆள் உயரப் பெட்டி. கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும், வீடு நிறையும். அதனால் நாலைந்து வாட் மட்டும் தருகிற, கண்ணாடிக் குழல் எரிகிற பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரே உங்களுக்குத் தாராளம். என்னுடையது இரண்டாவது ரகம். புத்தக அலமாரியில் அடங்குகிற இரண்டு சின்னப் பெட்டிகள், காற்றுப் புகாமல் இறுக மூடியவை. அவற்றிலிருந்து கனமான ஒலியை வரவழைக்க, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று.

உங்கள் பெட்டியில் முன்பக்கம் கைநுழைகிற அளவு ஓட்டை உண்டு. அந்த ஓட்டை வழியாக வருகிற காற்றும் சேர்ந்து பாடும் என்பீர்கள். மிருதங்கக்காரர் இடதுபக்கத் தொப்பித் தோலில் அடித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகும் உங்கள் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது என்பேன் நான். "ஒன் செருப்பு டப்பாவுல மிருதங்கமே இல்லையே மாப்ளே, மேசையில வெரலால தட்டுத மாதிரில்லா இருக்கு" என்பீர்கள். அக்கா தோசையை வைத்துவிட்டு, "ஆறிப்போவுது, ஜல்தி சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்பாள்.

இந்த ஊரில் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்வதற்குத் தனி தைரியம் வேண்டும். ஜனவரியில் அது பாட்டுப் பாடுகிற ஹீட்டர். அக்கா அதன் பக்கத்தில் நிவேதாவின் ஈர சாக்ஸை உலர்த்துவாள். மே மாதத்தில் அதே சாதனம் அடுப்பு. கூலரைப் போட்டால் பாட்டுக் கேட்காது, அணைத்தால் ஆள் தேறமாட்டார். நீங்கள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டீர்கள். வால்வில் வருகிற குரலுக்குச் சதை இருக்கிறது, டிரான்சிஸ்டர் குரல் எக்ஸ்ரே படம் என்றீர்கள். வால்வு செய்வது சதை அல்ல, அது சேர்க்கிற இனிப்பான பிழை என்றேன் நான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் எல்லாச் சண்டைக்கும் மேலே ஒரு சண்டை இருந்தது. உலகமே ஸ்டீரியோவுக்குப் போய் எவ்வளவு காலம் ஆகிவிட்டது! இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர். நடுவில் நாம் உட்கார்ந்தால் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், பாடகர் நம் கண்ணெதிரே வெறும் காற்றில் நிற்பார். அந்த மாயத்துக்காகத்தான் மனிதன் இரண்டு ஸ்பீக்கர் வாங்குகிறான். நீங்களோ ஒற்றைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதையும் நடுவில் வைக்கவில்லை, ஹாலின் வலது ஓரத்தில்.

"பாடுதவுக ஒருத்தர்தான மாப்ளே? அவுகளுக்கு எதுக்கு ரெண்டு வாயி?" இதுதான் உங்கள் பதில். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். நான் எரிச்சலில் உங்களுக்கு ஒற்றைப் பெட்டி அத்தான் என்று பெயர் வைத்தேன். நீங்கள் அதைப் பட்டம் வாங்கின மாதிரி வைத்துக்கொண்டீர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நம் பரீட்சை. துணி காயப்போடுகிற கயிற்றை ஹாலுக்குக் குறுக்கே கட்டி, அதில் கட்டில் விரிப்பைத் தொங்கவிடுவோம். விரிப்புக்குப் பின்னால் நான் முனிர்காவிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்த என் ஜோடி, ஓரத்தில் உங்கள் ஒற்றை. நீதிபதி அக்கா. எது ஓடுகிறது என்று அவளுக்குச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அவள் உங்களுடையதைத்தான் காட்டினாள்.

நான் விடுவேனா? நீங்கள் சத்தத்தை ரகசியமாகக் கூட்டுகிறீர்கள் என்றேன். கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஓடுவது எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். கடைக்காரர்கள் விற்பது அப்படித்தான். லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒலி அளக்கிற மீட்டர் வாங்கிவந்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மறுபடியும் உங்கள் பக்கம் கையைக் காட்டினாள். "புருஷன் கட்சி" என்று கத்தினேன். நீங்கள் வால்வின் சூட்டை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்.

இனி நீங்கள் அறியாத செய்திகள்.

நிவேதா அம்மாவுக்காகப் புது ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கியிருக்கிறாள். ஒன்றை ஒரு கையில் தூக்கலாம். ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது. மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை போட்டு அணைத்துப் போட்டு அணைத்தே ஒலியாக்குகிற புதுவகை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது. அறையில் ஒருதடவை விசில் மாதிரி ஓசை எழுப்பி, சுவர் எங்கே, மூலை எங்கே என்று தானே தெரிந்துகொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. தொப்பியில் அடி விழுந்தபோது தரை அதிர்ந்தது அத்தான். நீங்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் மணல் நிரப்பிக் கொண்டுவந்ததை அந்தச் சின்னப் பெட்டி ஒரு பொத்தானில் செய்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பொறாமையாகவும் இருந்தது.

அக்கா அதன் முன்னால் ஒரு பாட்டுக்கு உட்கார்ந்தாள். "நல்லாருக்கு" என்றாள். எழுந்துபோய்விட்டாள். அடுத்த வாரம் என் ஜோடியைக் கொண்டுபோய் வைத்தேன். என் உயிரையே கொடுத்த மாதிரி. அதற்கும் அதே "நல்லாருக்கு." நிவேதா என்னைப் பால்கனிக்கு இழுத்துப்போய், "மாமா, அம்மா மியூசிக்கே விட்டுட்டா. அப்பாவோட சேர்ந்து அதுவும் கதம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கபாடிக்காரருக்குச் சொன்ன நாளுக்கு முந்தைய ஞாயிறு, கடைசியாக ஒருதடவை பரீட்சை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அதே கயிறு, அதே விரிப்பு. நிவேதாவின் ஜோடி, என் ஜோடி, ஓரத்தில் உங்கள் பெட்டி. உங்கள் வால்வுகளை நான் துடைத்துப் போட்டேன். ஆரஞ்சு நிறத்தில் மெல்ல எரியத் தொடங்கியதும் நிவேதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவுக்கு எது வேண்டுமோ அதை எப்படியாவது துவாரகாவில் வைத்துவிடுவது என்று முடிவு.

அக்காவின் பிரம்பு நாற்காலியை எடுத்து நடுவில் போட்டேன். அவள் அதை மெதுவாகத் திருப்பி, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பால்கனியைப் பார்த்துக்கொண்டு. அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள், வெளியே வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். "அக்கா, நேரா உக்காரு. நடுவுல உக்காந்தாத்தான் ரெண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கேக்கும்" என்றேன்.

"ஏல, எனக்கு நடு ஏது, ஓரம் ஏது" என்றாள். "எனக்கு எடது காது கேக்காதுல்லா."

நான் ஏதோ கேலி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எப்பத்துலேருந்து?"

"சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்துது. அதுலேருந்தே. நீ அப்பம் பொறக்கவே இல்ல."

"அம்மா! என்ன சொல்ற? எனக்கே தெரியாதே!" நிவேதா விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்னு. தம்பிகிட்டயும் சொல்லப்படாது, சின்னப்பய, ஒளறிருவான்னா."

"அத்தானுக்குத் தெரியாதா?"

அக்கா உங்கள் பெட்டியைப் பார்த்தாள். "நான் சொல்லல" என்றாள். "அவுகளும் கேக்கல."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுது. இனிமே யாருக்குல பயப்படணும்?" என்றாள்.

கல்யாணமாகி டில்லிக்கு வந்த புதிதில், அப்போதிருந்த சின்ன குவார்ட்டர்ஸில் உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தனவாம். நீங்கள்! ஸ்டீரியோ! நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பெண்டாட்டியை நடுவில் உட்கார வைத்து, "செம்பா, கண்ண மூடிக்கோ. பாடுதவ எங்கன நிக்கா, கையக் காட்டு பாப்போம்" என்றீர்களாம். அவள் வலது பக்கம் காட்டினாள். நாற்காலியை நகர்த்தி மறுபடி கேட்டீர்கள். மறுபடி வலது பக்கம்.

"எனக்கு வேர்த்துட்டுல" என்றாள் அக்கா. "போச்சு, தெரிஞ்சுபோச்சு, ஊருக்கு அனுப்பிருவாவன்னு நெனச்சேன். ஒங்க அத்தான் என்னயவே பாத்துட்டு நின்னாவ. அப்பறம் 'பசிக்குது, அப்பளம் இருக்கா'ன்னாவ. இல்லைன்னேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயி அப்பளமும் தேங்காயும் வாங்கிட்டு வந்தாவ. அவ்வளவுதான்."

அடுத்த வாரம் ஜோடி இல்லை. அதில் ஒன்றுதான் இருந்தது, இந்த ஆள் உயரப் பெட்டி பிறகு வந்தது. என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டு இருந்தா தூசி தொடைக்க முடியல" என்றீர்களாம்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் நீங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் லோதி ரோட்டில் நடக்கும்போது நீங்கள் எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தான் நடந்தீர்கள். பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்து மற்றவர்களிடம் திட்டு வாங்கினீர்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் இவருக்குத் தெரியும் என்று அவளுக்குப் புரிந்ததாம். புரிந்தது என்று அவளும் சொல்லவில்லை.

ஒரு ஆயுள் முழுவதும் ஒரு மனிதர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, தெரியும் என்பதைக் காட்டாமலே இருக்க முடியுமா? ஒரு நல்ல கேபிள் வாங்கினால் அதை ஒரு நாள்கூட என்னால் மூடிவைக்க முடியாது. நான் உங்களைப் பார்த்துப் பிரமித்த முதல் தடவை அது. இரண்டாவது தடவை இதைவிடப் பெரிது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். முனிர்கா வீட்டில் என் ஜோடிக்கு நடுவில் உட்கார்ந்து, இடது காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் விரலையும் வைத்துக்கொண்டு கேட்டேன். நடுவில் நின்ற பாடகர் காணாமல் போனார். சரி, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, குரலே பொக்கையாகிவிட்டது. இரண்டு பெட்டியிலிருந்தும் கிளம்புகிற ஒரே குரல், என் வலது காதுக்கு ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வருகிறது. முடியளவு வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிற சுரங்கள் இருக்கின்றன. இரண்டு காது உள்ளவனுக்கு மூளை அந்தக் குழியை நிரப்பிவிடுகிறது. ஒற்றைக் காதுக்கு யார் நிரப்புவது? உயிரைக் கொடுத்து வைத்தேன் என்றேனே, அந்த ஜோடியில் என் அக்காவுக்கு நான் கொடுத்தது ஓட்டை விழுந்த பாட்டு. அவள் அதற்கும் "நல்லாருக்கு" என்றாள்.

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்களும் என் பெட்டியைச் செருப்பு டப்பா என்றவர்தான்.

சனிக்கிழமை நானும் நிவேதாவும் உங்கள் பெட்டியைத் திறந்தோம். உடைத்து எடுப்பதற்கு முன் கூம்புகளையாவது காப்பாற்றலாம் என்று. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கூம்புகள் இருப்பது எனக்குத் தெரியும். சத்தம் கூடுதலாக வரட்டும் என்று வைத்திருக்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். மேல் கூம்பைக் கழற்றினாள் நிவேதா. பின்னால் காந்தத்தின்மேல் பென்சிலால் 'இ' என்று இருந்தது. கீழ்க் கூம்பில் 'வ'.

அந்தப் பழைய ஜோடி! நீங்கள் எதையும் தூக்கிப்போடவில்லை.

அது மட்டுமா? பெட்டிக்குள் இரண்டு கம்பிகள் வரும் என்று பார்த்தால் நான்கு. தடவிக்கொண்டே போய் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பார்த்தேன். "பின்னால கை வச்சிராத மாப்ளே, ஷாக்கடிச்சுத் தூக்கிப் போட்டுரும்" என்று நீங்கள் இத்தனை காலம் என்னை அண்டவிடாத பின்பக்கம். அது ஒற்றை ஒலி மட்டும் தருகிற மோனோவே இல்லை. இடதுக்கு ஒரு வால்வு, வலதுக்கு ஒரு வால்வு. இடது கூம்பு மேலே, வலது கூம்பு கீழே. ஸ்டீரியோவை நீங்கள் விட்டுவிடவில்லை. படுத்திருந்ததை எழுப்பி நிறுத்தியிருந்தீர்கள்!

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நிவேதா, "மாமா, க்யா ஹுவா?" என்று பதறினாள்.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். பக்கம் பக்கமாக வைத்தால் ஒற்றைக் காதுக்கு ஒன்று கிட்டே, ஒன்று தூரம். மேலும் கீழுமாக வைத்து, காதைச் சரியாக நடு உயரத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒரே தூரம். இரண்டு பக்கத்து ஒலியும் ஒரே கணத்தில் வந்து சேரும். எதுவும் எதையும் அழிக்காது. வயலினும் போகாது, மிருதங்கமும் போகாது, குரலில் குழியும் விழாது. கலக்கிற வேலையை ஆம்ப்ளிஃபயரிடம் விடாமல், அவள் காதுக்கு வெளியே இருக்கிற காற்றிடம் விட்டிருக்கிறார் உன் அப்பா என்றேன்.

நிவேதா எழுந்துபோய் பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்தாள். நாலு காலுக்கும் அடியில் ஆணி அடித்த மரக்கட்டைகள். அக்காவுக்கு முட்டி வலி, அதனால் உயர்த்தியிருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்த கட்டைகள். டேப் வைத்து அளந்தோம். உட்கார்ந்தால் அவள் காது வருகிற உயரம், இரண்டு கூம்புக்கும் சரி நடுவில்.

வாசலை அளக்காத மனிதர் இதை அளந்திருக்கிறார்.

நம் பரீட்சையில் அக்கா ஒவ்வொரு தடவையும் உங்களைக் காட்டியது எப்படி என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் கட்சியும் இல்லை, சத்தக் கூடுதலும் இல்லை. அவள் காதுக்கு இந்த உலகத்தில் முழுதாகக் கேட்ட ஒரே ஸ்பீக்கர் அதுதான். நீங்கள் அதைச் சொல்லி என்னை ஒரே வார்த்தையில் வாயடைத்திருக்கலாம். அதற்குப் பதில் "எதுக்கு ரெண்டு வாயி" என்று உளறிக்கொண்டு, பழைய பஞ்சாங்கம் என்று எல்லோரிடமும் பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வருகிற விருந்தாளி எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸ் நண்பர்கள் சிரித்தார்கள். நான் சிரித்த சிரிப்பு பக்கத்து பிளாக் வரை கேட்டிருக்கும். யாருடைய கண்ணும் அக்கா பக்கம் திரும்பவில்லை. அதற்குத்தானா அத்தான்?

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வருகிறேன்.

நிவேதா முதலில் தன் போனை எடுத்து, "மாமா, இதுல மோனோன்னு ஒரு பட்டனே இருக்கு" என்று தட்டினாள். அக்கா கேட்டுவிட்டு, "ரெண்டு பேரு ஒரே வார்த்தைய முன்ன பின்ன சொல்லுத மாதிரி இருக்கு" என்றாள். பட்டன் தட்டினாலும் இரண்டு பெட்டியும் பக்கம் பக்கமாகத்தானே நின்றன, பட்டனுக்குக் காற்று தெரியாது. பிறகு உங்கள் மகள் ஒரு காரியம் செய்தாள். தன் புது ஸ்பீக்கரில் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொன்றின்மேல் வைத்தாள், கூம்பும் கூம்பும் நெருங்கி நிற்கிற மாதிரி. மோனோவை எடுத்துவிட்டாள். அடியில் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி, அம்மாவின் காது உயரத்துக்கு ஏற்றி, வலது பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். "அம்மா, அப் சுனோ. இப்ப கேளு."

அக்கா பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் நிவேதாவைப் பார்த்து, "சத்தம் கொஞ்சம் சின்னது. ஆனா முழுசா இருக்கு" என்றாள். "இது ஒங்கப்பா செஞ்ச சத்தம். இத நீ எங்கட்டீ புடிச்ச?"

அப்பா செய்தது பெட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம் அத்தான். பெட்டி வாசலில் மாட்டிக்கொண்டது. நீங்கள் செய்தது வாசலைத் தாண்டி லிஃப்டில் ஏறித் துவாரகாவுக்குப் போய்விட்டது. வால்வா, டிரான்சிஸ்டரா, புதுவகையா, மூடிய பெட்டியா, ஓட்டைப் பெட்டியா என்று நாம் தொண்டை வறளச் சண்டை போட்டோமே, அதில் எதுவுமே அவளுக்குப் பொருட்டில்லை. யார் எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று ஒருவர் பார்த்தாரா, அவ்வளவுதான் விஷயம். நான் வாங்கிக் குவித்த பத்திரிகைகளில் இது எங்கேயும் இல்லை.

மணலை எல்லாம் கொட்டி, குவார்ட்டர்ஸ் பின்னால் வேப்பமரத்தடியில் பரப்பிவிட்டோம். பிளைவுட் கபாடிக்காரருக்குப் போயிற்று. கூம்புகளும் ஆம்ப்ளிஃபயரும் என்னிடம் இருக்கின்றன. என் ஜோடி என் வீட்டில் பக்கம் பக்கமாகத்தான் நிற்கிறது. தோற்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதை அக்காதான் கிளப்பினாள்.

போன ஞாயிறு துவாரகாவில் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலது பக்கம் ஸ்பீக்கர் இருந்தது, இடது பக்கம் ஒரு காலி நாற்காலி. வெளியே நடக்கும்போது வலது பக்கம் வருகிற நீங்கள், பாட்டுக் கேட்கும்போது மட்டும் அவளுக்கு இடது பக்கம் உட்காருவீர்களாம். வலது பக்கத்தைப் பாட்டுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு.

"அங்கன உக்காந்துட்டு என்னமோ சொல்லிட்டே இருப்பாவ" என்றாள். "ஓரக்கண்ணால பாத்தா ஒதடு அசையும். திரும்புனா சும்மா இருப்பாவ. நான் கேட்டுக்கிட்டதே இல்ல. என்ன சொல்லுதியன்னு கேட்டா, எனக்கு அந்தக் காது கேக்காதுங்கது வெளிய வந்துருமே."

நீங்கள் கூடவே பாடுகிறீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நானும் அந்த ஹாலில்தானே இருந்தேன், விரிப்புக்குப் பின்னால் மீட்டரை வைத்துக்கொண்டு. என்ன சொன்னீர்கள் அத்தான்? அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தே அந்தக் காதில் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள், இத்தனை வருஷமாக?

அக்கா பாட்டில் இருந்தபோது நான் போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் இடது காது எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

இந்தக் குளிர்காலத்துக்குள் உங்கள் இரண்டு கூம்புகளுக்கும் ஒல்லியாக ஒரு பெட்டி கட்டிவிடுவேன். மேலே 'இ', கீழே 'வ'. முதலில் லிஃப்டை அளப்பேன், பிறகு வாசலை, பிறகு அக்காவின் காதை. வால்வுகளையும் ஜனவரியில் ஏற்றுவேன். அவள் சாக்ஸ் உலர்த்திக்கொள்ளட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் போவேன். பரீட்சை வைக்கமாட்டேன். அவள் இடது பக்கம் உட்காருவேன். உங்கள் அளவுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலி காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வேன்.

உங்களிடம் கடைசிவரை தோற்காத,
இப்போதும் முழுதாக ஒப்புக்கொள்ளாத,
உங்கள் செம்பாவின் தம்பி,
உங்கள் மாப்ளே